மாப்பிள்ளை கொடுத்த காரின் சன் வைசர்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறக்கிறேன். போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மகள் உங்கள் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு எனக்கு 'ம்' கொட்டும் வேலைதான். அதனால்தான் உங்கள் அலுவலக முகவரிக்கே எழுதுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். என் கண் நன்றாக இருக்கிறது. கண் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மகளிடம் அதைக் காட்டி, காரை விற்கும் பேச்சையும் எங்கள் இருவரையும் உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோகும் பேச்சையும் தாங்கள்தான் நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டுக்கு வர எங்களுக்குக் கசக்குமா? உங்கள் வீடு தங்கமான வீடு. எங்களுக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னலைத் திறந்தால் லிஃப்ட் மோட்டார் தெரிகிறது என்பதைத் தவிர ஒரு குறை கிடையாது. ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள். அத்தைக்குத் தையல் பயிற்சிப் பள்ளியில் இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி இருக்கிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் பஸ் படி ஏற முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நான் கார் ஓட்டினால்தான் அவள் வேலைக்குப் போக முடியும், அவள் வேலைக்குப் போனால்தான் நாங்கள் எங்கள் வீட்டில் எங்கள் இஷ்டத்துக்கு இருக்க முடியும். எல்லாம் அந்த ஒரு சாவியில் தொங்குகிறது.

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே. தாங்கள் மனமுவந்து கொடுத்த காரைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் இல்லை நான். மாடு நல்ல மாடு. இன்ஜின் தேன். பிரேக் வைரம். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே, வெயிலை மறைப்பதற்காக மடக்கி இறக்குகிற பலகை ஒன்று இருக்கிறதே, சன் வைசர், அது ஒன்றுதான் பிடிவாதக்காரப் பலகை. நாம் இறக்கினால் இறங்காது. வேகத்தடையைக் கண்டால் தானே இறங்கும். எங்கள் வீட்டிலிருந்து பயிற்சிப் பள்ளி வரைக்கும் பதினோரு வேகத்தடைகள். பதினோரு தடவையும் அது பொத்தென்று என் மூக்குக்கு முன்னால் விழும், நான் ஒரு கையால் தூக்கிப் பிடிப்பேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பலகையில், கியர் போட மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதை அத்தை பார்த்துக்கொண்டாள். நான் கிளட்சை மிதித்துக்கொண்டு 'ரெண்டு' என்பேன், அவள் இரண்டாவது கியரைப் போடுவாள். நாற்பது வருடக் குடும்பம் நடத்தியதில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை.

முதலில் ரப்பர் பேண்டு போட்டேன். வெயிலில் காய்ந்து அறுந்து அத்தையின் கன்னத்தில் அடித்தது. கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பைப் போட்டேன், அது மூன்றாம் வேகத்தடையில் தெறித்து எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு மெக்கானிக்கிடம் போனேன். எந்த வேலையைச் சொன்னாலும் 'அரைமணி நேரம் சார்' என்பதால் அவனுக்கு அரைமணி என்றே பெயர். அரைமணி பலகையை மேலே தூக்கி வைத்து, ஏதோ பசையைப் பிழிந்து, கூரையோடு ஒட்டிவிட்டான். 'இனிமே ஜென்மத்துக்கும் விழாது சார்' என்றான். சொன்ன சொல் தவறாதவன். விழவே இல்லை. மறுநாள் காலையில் வெயில் முகத்தில் அடித்தபோது இறக்கப் பார்த்தேன், அப்போதும் விழவில்லை.

வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை மாப்பிள்ளை. வீடு மேற்கே, பள்ளி கிழக்கே. காலையில் அத்தையைக் கொண்டுபோய் விடும்போது சூரியன் நேர் எதிரே. சாயங்காலம் அவளை அழைத்துவரும்போது அவர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் நேர் எதிரே. நான் தனியாகப் போகும்போது மட்டும் மரியாதையாக முதுகுக்குப் பின்னால் நிற்பார். அத்தை வண்டியில் ஏறினால்தான் எனக்குக் கண் தெரியாமல் போகிறது என்று நான் ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லப்போய், அன்று ராத்திரி வரை அவள் பேசவில்லை. அதன் பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

வைசர் போனதும் தொப்பி போட்டுப் பார்த்தேன், இரண்டு தலையணை போட்டு உயரமாக உட்கார்ந்து பார்த்தேன். தலை கூரையில் இடித்ததுதான் மிச்சம். கடைசியில் அத்தை தன் வருகைப் பதிவேட்டை எடுத்து என் நெற்றிக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள். ஒரு கையில் பதிவேடு, பழக்கதோஷத்தில் இன்னொரு கையில் கியர். அப்படியும் எனக்குச் சாலை தெரியவில்லை. மேல் பாதியைப் பதிவேடு மறைத்தது, அது நியாயம். கீழ்ப் பாதி ஏன் பாலில் முக்கி எடுத்தது மாதிரி வெளுத்துத் தெரிகிறது? வைசர் பாவம், அதன் மேல் எவ்வளவு பழியைத்தான் போடுவது. கண்தான் போய்விட்டது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் மட்டும், 'வெயிலா இருக்கு, எதிர்ல வர்றதை நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லு' என்றேன். அன்றிலிருந்து அவள் கண்ணை நம்பித்தான் ஓட்டினேன். நாய், சைக்கிள், பள்ளம், பால்வண்டி என்று அவள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவாள். சில நாள் நாய் என்று சொன்னது குப்பைப் பையாக இருக்கும். நகராத நாய்க்காக எத்தனையோ தடவை ஹாரன் அடித்திருக்கிறேன்.

டைல்ஸ் கடை விஷயம் மகள் சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் சுருக்கிச் சொல்லியிருப்பாள், நான் முழுசாகச் சொல்கிறேன். நாற்சந்திக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக ஒரு டைல்ஸ் கடை. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு அட்டை மனிதன், வாருங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அன்று காலை அத்தை பதிவேட்டை இறக்கிவிட்டு, 'போலீஸ்காரர் கை காட்டுறார், நில்லுங்க' என்றாள். நின்றேன். சட்டத்தை மதிக்கிற குடும்பம் இது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நாலு நிமிஷம். போலீஸ்காரர் கையை இறக்கவில்லை. பின்னால் பஸ் நின்றது, பஸ்ஸுக்குப் பின்னால் ஊரே நின்றது. கடைசியில் கடைக்காரரே வெளியே வந்து, 'டைல்ஸ் பார்க்கணும்னா வண்டியை ஓரமா விட்டுட்டு வாங்க சார்' என்றார். இறங்கிப் போய் குளியலறைக்கு நாலு மாதிரி பார்த்துவிட்டு வந்தேன். மானத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுவாரம் நாற்சந்தியில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் வேகத்தைக் குறைத்தேன். 'அந்த டைல்ஸ் கடை அட்டைதான், போங்க' என்றாள் அத்தை. போனேன். போகிற போக்கில் அந்த அட்டைக்கு ஒரு சிரிப்பு வேறு சிரித்துவிட்டுப் போனேன். அட்டை மோட்டார் சைக்கிளில் ஏறித் துரத்திக்கொண்டு வந்து மறித்தது. 'பெரியவரே, கை காட்டினேனே, பார்க்கலையா?' என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. 'பார்த்தேன் சார், அட்டைன்னு நெனைச்சேன்' என்றேன். அந்த மனிதருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. நாளையிலிருந்து வீட்டில் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனிதர். அவருக்கு அட்டை என்று நான் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மகள் வந்திருந்தாள். அவள் கண் முன்னாலேயே நான் காரைப் பின்னுக்கு எடுத்தேன். சாயங்கால வெயில் பக்கவாட்டுக் கண்ணாடியில் பட்டுக் கூசியது. அத்தை பின்னால் நின்று கையை ஆட்டி, 'வாங்க, வாங்க, இடம் தாராளமா இருக்கு' என்றாள். வந்தேன். மகள் போன முறை வந்தபோது ஆசையாக வாங்கி வைத்த மூன்று பூந்தொட்டிகளும் வரிசையாகப் போயின. மகள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. மண்ணைப் பெருக்கி அள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

'அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள கண் டாக்டர்கிட்ட நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா சாவியை என்கிட்ட கொடுத்துடுங்க. நீங்களும் அம்மாவும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. எனக்குத் தினமும் காலையில போன் அடிச்சாலே நெஞ்சு பதறுது.'

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் குறுக்கு வழியில்தான் புத்தி போயிற்று. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார் இல்லையா, அவர் போன மாதம் அதே டாக்டரிடம் போய்வந்தவர். முப்பத்தைந்து வருடம் முகவரி படித்த ஞாபகசக்தி. டாக்டர் படிக்கச் சொல்லும் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே வரை அப்படியே ஒப்பித்தார். நான் அதை ஒரு தாளில் எழுதி வாங்கி, நாலு நாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை அத்தை லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். டாக்டரம்மாவுக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். அறையில் விளக்கை அணைத்தார்கள், என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசை வரைக்கும் கடகடவென்று சொல்லி முடித்தேன். பிறகு டாக்டரம்மா மெதுவாக, 'ஐயா, நான் இன்னும் பலகைக்கு லைட்டே போடலையே' என்றார்கள்.

மாப்பிள்ளை, பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். பயத்தையும் சொன்னேன், காரையும் சொன்னேன், உங்கள் வீட்டு லிஃப்ட் மோட்டாரையும்கூடச் சொன்னதாக ஞாபகம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வேறு பலகையை மாட்டி, இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லி, சொட்டு மருந்து எதுவும் போடாமல் பொறுமையாக ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார்கள். கடைசிக்கு முந்தின வரிசை வரைக்கும் என் சொந்தக் கண்ணால் படித்தேன். 'உங்க வயசுக்கு இந்தக் கண் கிடைக்க மத்தவங்க கொடுத்து வச்சிருக்கணும்' என்று சொல்லிச் சீட்டு எழுத ஆரம்பித்தார்கள். நான் வாங்கிக்கொண்டு ஓடிவந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்குமா? அப்படியென்றால் சாலை ஏன் பாலில் முக்கினது மாதிரி தெரிகிறது என்று கேட்டேன். அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'எப்பவுமா, இல்லை காருக்குள்ள இருக்கும்போது மட்டுமா?' என்று கேட்டார்கள்.

சாலை வெளுத்துத் தெரிய ஆரம்பித்த இந்த மூன்று மாதத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள்தான் மதியத்துக்கு முந்திய கடைசி ஆட்கள். டாக்டரம்மா எழுந்து எங்களோடு வாசலுக்கு வந்து, காரில் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து, முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார்கள். கோடு போட்ட இடத்தில் தெரு பளிச்சென்று தெரிந்தது. விரலில் பிசுக்கு. டாஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தார்கள், அதில் அவர்கள் முகம் தெரிந்தது. இதற்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாததா, முப்பத்தெட்டு வருடம் மரச்சாமான் பாலிஷ் பட்டறை நடத்தியவன் நான். என் கையில் எது வந்தாலும் அதில் முகம் தெரிய வேண்டும். தாங்கள் கார் கொடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு தவறாமல் டாஷ்போர்டுக்கு என் சொந்தக் கலவையைப் போட்டுத் தேய்த்து வந்தேன். நடுவில் ஒருமுறை தாங்கள் வந்தபோது, 'ஷோரூம் வண்டி மாதிரி வச்சிருக்கீங்க மாமா' என்றீர்கள். அதற்குப் பிறகு இரண்டு பூச்சாக்கினேன். உங்கள் மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வெயிலில் அந்தப் பாலிஷ் ஆவியாகிப் போய்க் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்திருக்கிறது. நான் கண்ணாடியைத் துடைக்காதவனா? வெளியே தினமும் துடைத்தேன். உள்ளேயும் வாராவாரம் துடைத்தேன், டாஷ்போர்டு துடைத்த அதே துணியால். போதாததற்குச் சூரியன் வந்து டாஷ்போர்டில் பட்டால், அந்த வெளிச்சம் முழுக்கக் கண்ணாடியில் ஏறி நின்றுகொள்கிறது. என் கண்ணில் நானே பாலிஷ் போட்டிருக்கிறேன். அத்தை அதைப் போடாதீர்கள் என்று எத்தனையோ முறை சொன்னாள், நாற்றம் தாங்காமல். அவள் அன்று அதை நினைவூட்டவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

டாக்டரம்மா ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் புதுத் துணியும் கொடுக்கச் சொன்னார்கள். அரைமணி நேரம் தேய்த்தேன் (மெக்கானிக் கணக்கில்லை, நிஜ அரைமணி). பிறகு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். எதிர்ப் பக்கத்துக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் யாரோ பனியன் காயப் போட்டிருந்தார்கள், அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. மாப்பிள்ளை, உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணுக்கும் தெளிவாகத்தான் தெரிந்தது. அத்தையைக் கூப்பிட்டு, 'பார், பார், எப்படித் தெரியுது பார்' என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு பையை உள்ளேயே மறந்துவிட்டதாகச் சொல்லிப் போனவள், கால்மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். டாக்டரம்மாவோடு ஏதோ பேச்சு போலிருக்கிறது. நான் கேட்கவில்லை, எனக்கு அந்தப் பனியனைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

திரும்பி வரும்போது நான் எப்படி ஓட்டினேன் என்று அத்தையைக் கேளுங்கள். நாய் நாயாகவே தெரிந்தது. டைல்ஸ் கடை அட்டை மனிதனுக்கு மீசை இருப்பதே அன்றுதான் தெரியும். எல்லாவற்றையும்விட, அத்தை வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. நாய் இல்லை, சைக்கிள் இல்லை, பள்ளம் இல்லை. என் கண்ணின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்க நினைக்க எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. வைசர் விஷயமும் முடிந்தது. அரைமணி ஒரு உடைந்த வண்டியிலிருந்து வேறொன்றைக் கழற்றி வந்து மாட்டிவிட்டான். நிறம்தான் சேரவில்லை. நாம் இறக்கினால் இறங்குகிறது, ஏற்றினால் ஏறுகிறது, குடும்பத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்.

ஆகவே மாப்பிள்ளை, சீட்டை மகளிடம் காட்டுங்கள். அப்பாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் துணியால் வந்த வினை, இனி ஒரு தொட்டியும் உடையாது என்று எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், பெயரும் புகழுமாக நீடூழி வாழ வேண்டும். இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சில் பாரமில்லாமல் இதை எழுதி முடிக்கிறேன். அத்தை தபாலில் சேர்ப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்த்தேன். மாமா எழுதியதெல்லாம் நிஜம். அவர் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அட்டையைப் போலீஸ்காரர் என்று சொன்னது யார், போலீஸ்காரரை அட்டை என்று சொன்னது யார், பின்னால் நின்று இடம் தாராளமாக இருக்கிறது என்று கையை ஆட்டியது யார் என்று நீங்களே இன்னொரு முறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணாடியைத் தேய்த்துவிட்டு 'பார், பார்' என்றாரே, பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதற்கு முன்னும் பால்தான், பின்னும் பால்தான். பையை மறந்ததாகச் சொல்லி உள்ளே போய் டாக்டரம்மாவிடம் என் கண்ணைக் காட்டினேன். இரண்டிலும் கண்புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டதாம். ஆறு மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியாமல், நூல் சரியில்லை என்று மூன்று கடை மாற்றியிருக்கிறேன். சின்ன ஆபரேஷன்தான், பயம் ஒன்றும் இல்லை என்றார்கள். குருடி ஆகிறேனோ என்று எனக்குள்ளேயே பயந்துகொண்டிருந்த எனக்கும் நிம்மதிதான். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் காரை மட்டும் விற்க விடாதீர்கள். ஆபரேஷனுக்கு என்னை அவர்தான் அழைத்துப் போக வேண்டும், வழியில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் மனிதர் மத்தியானம் அசந்து தூங்குகிறார். எழுந்ததும் சொல்கிறேன்.